தூர தேசத்து மக்களுக்கு உதவுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறு நாட்டில் பஞ்சம், போர், நிலநடுக்கம் என்று சபையில் விசேஷ காணிக்கை எடுக்கும்போதெல்லாம் சில கேள்விகள் தவறாமல் வரும். சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள், சிலர் மனதுக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இத்தனை வருடங்களில் என்னிடம் கேட்கப்பட்டவற்றையும், நானே எனக்குள் கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். வேத பகுதிகளின் இடங்களைக் குறித்திருக்கிறேன், நீங்களே திறந்து படித்துப் பாருங்கள்.

பக்கத்துத் தெருவிலேயே பசியோடு இருப்பவர்கள் உண்டு. அவர்களை விட்டுவிட்டு எங்கேயோ இருப்பவர்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

பக்கத்துத் தெருவை விட்டுவிடும்படி வேதம் எங்கும் சொல்லவில்லை. சொந்த வீட்டாரை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் கடுமையாகவே எழுதுகிறார் (1 தீமோத்தேயு 5:8). ஆகவே அந்தக் கடமை அப்படியே இருக்கிறது.

ஆனால் "எனக்குப் பிறன் யார்?" என்று நியாயசாஸ்திரி ஒருவன் இயேசுவிடம் கேட்டதை நினைத்துப் பாருங்கள் (லூக்கா 10). அவனுக்குத் தேவைப்பட்டது ஓர் எல்லைக்கோடு. இதுவரை என் கடமை, இதற்கு அப்பால் என் கடமை இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம் அல்லவா? இயேசு அந்தக் கோட்டைப் போட்டுக் கொடுக்கவில்லை. யூதர்கள் வெறுத்து ஒதுக்கிய சமாரியன் ஒருவனைக் கதைக்குள் கொண்டுவந்து, உதவி செய்கிறவனாக அவனை நிறுத்தினார்.

அந்தச் சமாரியன் செய்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கும். காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டுகிறான். தான் ஏறிவந்த வாகனத்தில் அவனை ஏற்றுகிறான். ராத்திரி முழுவதும் சத்திரத்தில் கூடவே இருந்து கவனித்துக்கொள்கிறான். மறுநாள் இரண்டு பணத்தை எடுத்துச் சத்திரத்தான் கையில் கொடுக்கிறான். ஒரு பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு கூலிக்காரனின் ஒருநாள் சம்பளம் (மத்தேயு 20:2). மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போகிறான். அதற்குப் பிறகு காயம்பட்டவனைப் பார்த்துக்கொண்டது சத்திரத்தான்தான், செலவுதான் சமாரியனுடையது. இன்று வேறு நாட்டுக்கு நாம் அனுப்பும் உதவியும் பெரும்பாலும் இந்த வடிவில்தான் நடக்கிறது. கையால் கவனிக்கிறவர் அங்கே இருக்கிறார், செலவை ஏற்கிறவர் இங்கே இருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு பேசத் தொடங்கியபோது முதலில் எல்லாரும் அவரை மெச்சினார்கள். எலியாவின் காலத்துப் பஞ்சத்தில் இஸ்ரவேலில் எத்தனையோ விதவைகள் இருந்தும் தீர்க்கதரிசி அனுப்பப்பட்டது சீதோன் நாட்டு விதவையிடம், எத்தனையோ குஷ்டரோகிகள் இருந்தும் சுத்தமானது சீரியா தேசத்து நாகமான் என்று அவர் சொன்னதும் கூட்டம் கொதித்துப்போனது. மலை விளிம்புக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடப் பார்த்தார்கள் (லூக்கா 4:25-29). "நம் ஆட்கள் இருக்கும்போது அந்நியன் எதற்கு" என்ற கோபம் அன்றைக்கே இருந்தது.

ஒரு நாட்டுச் சபை வேறொரு நாட்டு மக்களுக்குப் பணம் அனுப்பியதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா?

தாராளமாக உண்டு. அப்போஸ்தலர் 11:27-30-ஐப் படியுங்கள். அகபு என்னும் தீர்க்கதரிசி அந்தியோகியாவுக்கு வந்து, கொடிய பஞ்சம் வரப்போகிறது என்று அறிவிக்கிறார். கிலவுதியு ராயனுடைய காலத்தில், அதாவது கி.பி. 41-க்கும் 54-க்கும் இடையில், அது வந்தது. அந்தியோகியா இன்றைய துருக்கியில் இருக்கிறது, எருசலேம் அங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அந்தியோகியா சபையில் புறஜாதியார் நிறையப் பேர். யூதேயாவில் இருந்தவர்களை அவர்களில் பலர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் "அவரவர் தங்கள் தங்கள் திராணிக்குத்தக்கதாக" பணம் சேர்த்து, பர்னபா, சவுல் இருவர் கையிலும் கொடுத்து அனுப்பினார்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வழங்கியதும் இதே ஊரில்தான், இதற்கு முந்தின வசனத்திலேயே அது இருக்கிறது.

அதே காலத்துப் பஞ்சத்தில், யூத மார்க்கத்தைத் தழுவியிருந்த அதியாபேனே நாட்டு ராணி ஹெலேனா எகிப்திலிருந்து தானியமும் சைப்ரஸிலிருந்து அத்திப்பழமும் வாங்கி எருசலேம் மக்களுக்குக் கொடுத்ததாக முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதி வைத்திருக்கிறார். கஷ்டம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

பிறகு பவுல் பல வருடங்கள் மக்கெதோனியா, அகாயா, கலாத்தியா சபைகளில் எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தார். இரண்டாம் கொரிந்தியரில் 8, 9 என்று இரண்டு முழு அதிகாரங்கள் இதைப் பற்றியே இருக்கின்றன. அதில் என்னை அசைத்த இடம், மக்கெதோனியாவைப் பற்றிச் சொல்லும் பகுதி. அவர்களே கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள். அவர்களிடம் பவுல் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள்தான் பவுலிடம் கெஞ்சினார்கள்.

உதவி சக விசுவாசிகளுக்கு மட்டும்தானா?

"யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும்" என்கிறது கலாத்தியர் 6:10. விசேஷமாக என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு "யாவருக்கும்" என்பதை அழித்துவிடக் கூடாது. நான்காம் நூற்றாண்டில் ரோம சாம்ராஜ்யத்தைப் பழைய தெய்வ வழிபாட்டுக்குத் திருப்ப முயன்ற பேரரசர் ஜூலியன் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் அல்லவா போஷிக்கிறார்கள் என்று வருந்துகிறார். கிறிஸ்தவர்களைப் பிடிக்காத ஒருவரே தந்த சாட்சி அது.

சுவிசேஷம் சொல்லாமல் சோறு மட்டும் போடுவதில் என்ன பயன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் ஆத்தும பாரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினார், திரும்பி வந்து நன்றி சொன்னது ஒருவன் மட்டுமே, அவனும் சமாரியன் (லூக்கா 17). மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுக்கும் முன்பும் யாருடைய விசுவாசத்தையும் அவர் சோதித்துப் பார்க்கவில்லை.

கேட்டால் சாட்சி சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் பசியில் இருக்கும் ஒரு தாயிடம் அரிசி மூட்டையைக் காட்டி, கூட்டத்துக்கு வந்தால்தான் இது என்று சொல்வது அவள் பசியை விலைபேசுவது. செஞ்சிலுவை இயக்கமும் பெரிய நிவாரண அமைப்புகளும் சேர்ந்து 1994-ல் ஓர் நடத்தை நெறியை வெளியிட்டன. உதவியை எந்த மத, அரசியல் நிலைப்பாட்டையும் வளர்க்கப் பயன்படுத்தக் கூடாது, தேவையை மட்டுமே பார்க்க வேண்டும் என்கிறது அது. அதை முன்னின்று கொண்டுவந்தவற்றில் கத்தோலிக்கரின் காரித்தாஸ், லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மன்றம் ஆகியவையும் உண்டு. விசுவாசத்தை விட்டுக்கொடுத்து அவர்கள் அதில் சேரவில்லை என்றே நம்புகிறேன்.

கொடுக்கும் பணம் உண்மையிலேயே போய்ச் சேருமா? நடுவில் யாராவது சாப்பிட்டுவிட்டால்?

நியாயமான சந்தேகம். பவுலுக்கும் இது இருந்தது. கொரிந்து சபையின் பணத்தைத் தானே எடுத்துப்போகாமல், நீங்கள் தகுதியென்று குறிக்கிறவர்களிடம் கடிதம் கொடுத்து அனுப்புகிறேன் என்றார் (1 கொரிந்தியர் 16:3). தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரையும் அனுப்பினார், அவர்களில் ஒருவர் சபைகளாலேயே தெரிந்துகொள்ளப்பட்டவர். காரணத்தையும் மறைக்கவில்லை. இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாக இருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கிறோம் என்றார் (2 கொரிந்தியர் 8:20-21). அப்போஸ்தலனே கணக்குக்குக் கட்டுப்பட்டார் என்றால், "ஊழியக்காரரிடம் கணக்குக் கேட்கலாமா" என்ற தயக்கம் நமக்குத் தேவையில்லை.

கேட்க வேண்டியவை இவைதான். தணிக்கை செய்யப்பட்ட வருடாந்தரக் கணக்கு இருக்கிறதா? அந்த நாட்டில் அவர்களோடு வேலை செய்வது யார், அந்த ஊர்க்காரர்களா? ஒரு திட்டம் தோற்றுப்போனால் அதையும் சொல்கிறார்களா? என்னைப் பொறுத்தவரை இந்த மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் மற்ற இரண்டையும்விட அதிகம் சொல்லும். எல்லாம் வெற்றி என்று மட்டுமே எழுதுகிற அமைப்பின் மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல அமைப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கணக்காளரும் வேண்டும், மருந்தைக் குளிர்பதனத்தில் வைத்திருக்கும் ஆளும் வேண்டும். சத்திரத்தானுக்கும் கூலி கொடுக்கப்பட்டது.

பழைய துணி, செருப்பு, மருந்து அனுப்பலாமா?

பெரும்பாலும் வேண்டாம். பணமாக அனுப்புங்கள்.

வேறொரு நாட்டில் வெள்ளம் வந்தபோது சேர்ந்த மூட்டைகளைப் பிரிக்க ஒரு சனிக்கிழமை நானும் உட்கார்ந்தேன். முதல் மூட்டையில் கனமான கம்பளி மேற்சட்டை, அது போக வேண்டியதோ வருடம் முழுக்க வெயில் அடிக்கிற இடம். அடுத்து பித்தான் இல்லாத சட்டைகள், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு, தேதி முடிந்த இருமல் மருந்து. ஒரு மூட்டையின் அடியில் மட்டும் புதுத் துவாலை ஒன்று இருந்தது. அதற்குள் சோப்பு, சீப்பு, பல்துலக்கி எல்லாவற்றையும் மடித்துச் சுற்றி, "ஓர் அம்மாவுக்கு" என்று பென்சிலால் எழுதியிருந்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பார்த்தால் ஒதுக்கிப் போட்ட குவியல்தான் பெரிதாக இருந்தது. மிச்சத்தைக் கப்பலில் அனுப்ப ஆகும் செலவுக்கு, அந்தத் துவாலையையும் சோப்பையும் அங்கேயே பல மடங்கு வாங்கியிருக்கலாம். அங்கே வாங்கியிருந்தால் வெள்ளத்தில் நொடிந்துபோன ஒரு கடைக்காரரும் எழுந்திருப்பார்.

இலவசமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால் மக்கள் சோம்பேறிகள் ஆகிவிட மாட்டார்களா?

வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடக் கூடாது என்ற வசனத்தை (2 தெசலோனிக்கேயர் 3:10) உடனே எடுத்துக் காட்டுவார்கள். அது மனதில்லாதவனுக்குச் சொன்னது. வறட்சியில் விதைநெல்லையும் தின்று தீர்த்த விவசாயிக்குச் சொன்னதல்ல.

ஆனாலும் தப்பான வகையில் வந்து குவிகிற பொருள் கெடுதல் செய்யும், இதை மறைக்கக் கூடாது. ஹெய்தி நாட்டில் 1990-களில் இறக்குமதி வரியை வெகுவாகக் குறைக்க வைத்தார்கள். அரசு மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி மலிவாக வந்து இறங்கியது, உள்ளூர் நெல் விவசாயிகள் போட்டிபோட முடியாமல் ஒடிந்துபோனார்கள். அந்தக் கொள்கைக்குப் பொறுப்பேற்று முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் 2010-ல் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஆகவே பேரிடர் நடந்த வாரத்தில் சாப்பாடு கொடுங்கள். அப்புறம் விதை, கிணறு, கால்நடை, தொழில், பள்ளிக்கூடம் என்று போக வேண்டும். இதில் எது வேண்டும் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

அங்கே ஓர் அனாதை இல்லம் கட்ட ஆசை. சரியா?

ஆசை நல்லது, ஆனால் கொஞ்சம் நிதானியுங்கள். இப்படிப்பட்ட இல்லங்களில் வளரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால், அல்லது படிப்பாவது கிடைக்கட்டும் என்று, கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். ஹெய்தியில் 2010 ஜனவரியில் நிலநடுக்கம் வந்த சில நாட்களில், வெளிநாட்டுக் கிறிஸ்தவர்கள் 10 பேர் 33 குழந்தைகளை எல்லை தாண்டிக் கூட்டிப்போக முயன்று பிடிபட்டார்கள். விசாரித்தபோது குழந்தைகளின் பெற்றோர் பலர் உயிரோடு இருந்தது தெரியவந்தது. நல்ல எண்ணத்தோடுதான் புறப்பட்டோம் என்றார்கள். அந்தத் தாய்மாருக்கு அதனால் என்ன ஆறுதல்?

கட்டிடத்துக்குச் செலவிடும் பணத்தை அந்தத் தாய்க்கு வாடகை, மருந்து, பள்ளிக் கட்டணம் என்று கொடுத்தால் குழந்தை அவள் மடியிலேயே வளரும். யாரும் இல்லாத குழந்தைகளுக்கு உறவினர் வீடும் வளர்ப்புக் குடும்பமும் முதலில் பார்க்கப்பட வேண்டும்.

பகைநாட்டு மக்களுக்கும் உதவ வேண்டுமா?

"உன் சத்துரு பசியாயிருந்தால், அவனுக்குப் போஜனங்கொடு" (ரோமர் 12:20). படிக்கச் சுலபம், போர்க்காலத்தில் செய்வதுதான் கடினம். முதல் உலகப் போர் முடிந்தும் நேச நாடுகளின் கடல் முற்றுகை நீடித்ததால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பட்டினியால் வாடின. இங்கிலாந்தைச் சேர்ந்த எக்லன்டைன் ஜெப் என்ற கிறிஸ்தவப் பெண்மணி, எலும்பும் தோலுமான ஒரு குழந்தையின் படத்தோடு துண்டுப்பிரசுரம் கொடுத்தார் என்று 1919-ல் லண்டனில் கைது செய்யப்பட்டார். 5 பவுண்டு அபராதம். எதிரிக் குழந்தைக்குச் சோறா என்று ஊரே கேட்ட நேரம் அது. அதே வருடம் அவரும் அவர் சகோதரியும் சேர்ந்து தொடங்கியதுதான் குழந்தைகளைக் காப்போம் என்ற பொருள்படும் 'சேவ் த சில்ரன்' அமைப்பு.

"தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள்" என்று ஆண்டவரே சொன்னாரே?

சொன்னார். மாற்கு 14:7-ல் அதோடு சேர்த்து, உங்களுக்கு மனதுண்டாகும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம் என்றும் சொன்னார். அவர் நினைவூட்டுகிற உபாகமம் 15:11-ம், ஆகையால் உன் கையைத் தாராளமாகத் திற என்றே முடிகிறது.

எதுவும் மாறாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. உலகத்தில் ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1990-ல் ஏறக்குறைய 1.25 கோடி, 2022-ல் 49 லட்சம். தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், கொசுவலை, தாய்மார்களின் படிப்பு என்று பல சேர்ந்துதான் இது நடந்தது. வயிற்றுப்போக்கில் உயிர்போகும் குழந்தையைக் காப்பாற்றக் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுத்தால் பல நேரம் போதும். இதைத் தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுக்க வீடுவீடாகப் போக ஆட்கள் தேவைப்பட்டார்கள். 49 லட்சம் என்பது இன்னும் தாங்க முடியாத எண்தான்.

நானே கடனில் இருக்கிறேன். எவ்வளவு கொடுக்க வேண்டும்?

கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்கிறார் பவுல் (2 கொரிந்தியர் 8:12). மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்று சொல்லவில்லை, சமநிலை இருக்கும்படியே சொல்லுகிறேன் என்றும் அதே இடத்தில் எழுதுகிறார். இன்று அவர்கள் குறைவை உங்கள் நிறைவு தாங்கட்டும், நாளை இது திரும்பியும் வரலாம். சாறிபாத் விதவையிடம் எலியா சாப்பாடு கேட்டபோது அவள் கடைசிப் பிடி மாவைச் சுட இரண்டு விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள் (1 இராஜாக்கள் 17). அந்நிய நாட்டு ஏழை அவள்தான், கொடுத்தவளும் அவள்தான். நாம் கொடுக்கிறவர்கள், அவர்கள் வாங்குகிறவர்கள் என்று நிரந்தரமாக எழுதி வைக்க முடியாது.

இதெல்லாம் அரசாங்கங்கள் செய்ய வேண்டிய வேலை அல்லவா?

அவர்களும் செய்ய வேண்டும், அதைக் கேட்டுப் பெறுவதும் இந்த அழைப்பில் சேர்ந்ததுதான். பணக்கார நாடுகள் தங்கள் வருமானத்தில் 1 சதவீதத்தை ஏழை நாடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று உலகத் திருச்சபைகள் மன்றம் 1958-லேயே சொன்னது. பிறகு 1970-ல் ஐ.நா. பொதுச்சபை அரசு உதவிக்கு 0.7 சதவீதம் என்று இலக்கு வைத்தது. இன்றுவரை அதை எட்டியவை விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள்தான். விற்ற நிலம் திரும்பக் கிடைத்து அடிமைகள் விடுதலையாகும் லேவியராகமம் 25-ன் யூபிலி வருடத்தை முன்வைத்து, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று 1998-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கூடிய எட்டு பெரிய நாடுகளின் (ஜி8) தலைவர்களைச் சுற்றி சுமார் 70,000 பேர் கைகோத்து நின்றார்கள். அவர்களில் பெரும்பகுதி சபை மக்கள். அதன் பின் 30-க்கும் மேற்பட்ட நாடுகளின் கடன் பெருமளவு குறைக்கப்பட்டது.

உதவி பெறுபவர்களின் படங்களைப் போடலாமா?

உங்கள் சொந்த மகள் அந்த நிலையில் இருந்தால் அந்தப் படத்தைப் போட விடுவீர்களா? விடமாட்டீர்கள் என்றால் போடாதீர்கள்.

ஜெபம் மட்டும் பண்ணினால் போதாதா?

யாக்கோபு 2:15-16-ஐ வாசியுங்கள். கையில் ஒன்றும் இல்லாதவர் ஜெபிக்கட்டும், அது பெரிய உதவி. இருக்கிறவர் ஜெபத்தைச் சாக்காக்கக் கூடாது.

சரி, நான் எங்கே தொடங்குவது?

ஒரு நாட்டை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாட்டுச் செய்திகளை ஒரு மாதம் தொடர்ந்து படியுங்கள், அங்குள்ள சபை எப்படி இருக்கிறது, மக்கள் என்ன பயிரிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நம்பகமான ஓர் அமைப்பைப் பார்த்து, சிறிய தொகையானாலும் மாதாமாதம் அனுப்புங்கள். பேரிடர் செய்தி வரும் நாளில் மட்டும் கிடைக்கிற பெரிய தொகையைவிட, நிச்சயமாக வரும் என்று தெரிந்த சிறிய தொகையை வைத்துத்தான் அவர்கள் ஒரு செவிலியரை வேலைக்கு வைக்க முடியும்.

அப்புறம், அவர்களிடமிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளவும் தயாராக இருங்கள். கி.பி. 253 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் நுமிதியாவில் கொள்ளைக்காரர்கள் பிடித்துப்போன மக்களை மீட்க, கார்த்தேஜ் சபை 1,00,000 செஸ்டெர்ஸ் நாணயங்களைச் சேர்த்தது. அதை அனுப்பியபோது ஆயர் சிப்ரியான் ஒரு கடிதமும் எழுதினார். இப்படி மறுபடியும் நடக்க வேண்டாம் என்று ஜெபிக்கிறோம், நடந்தால் தயங்காமல் எங்களுக்கு எழுதுங்கள் என்றார். கூடவே பணம் கொடுத்தவர்களின் பெயர்களையும் எழுதி அனுப்பினார், கடிதத்தைப் பெற்ற நுமிதியா ஆயர்கள் அவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்பதற்காக.